இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கார் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியதை அறிந்தவர்களில், பழைய கார் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. நான் மெக்கானிக் அல்லன். ஒரே காரைப் பல ஆண்டுகளாக ஓட்டி, அதற்குச் செய்த ஒவ்வொரு வேலையையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பவன். அந்த நோட்டையும், தொழில் தெரிந்தவர்கள் வேலை செய்தபோது பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டதையும் வைத்து இந்தப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். மைலேஜ் என்ற சொல்லை நாம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற பொருளில்தான் புழங்குகிறோம் என்பதால், ஓடிய தூரத்தைக் குறிக்க அதை இங்கே பயன்படுத்தவில்லை.

எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தால் அதை "அதிகம் ஓடிய கார்" என்று சொல்ல வேண்டும்?

முன்பு வந்த கார்கள் பலவற்றில் ஓடோமீட்டருக்கு ஐந்து இலக்கங்களே இருந்தன. 99,999-ஐத் தாண்டியதும் எண்கள் மீண்டும் சுழியத்துக்கு வந்துவிடும். ஒரு லட்சம் ஓடினால் வண்டி முடிந்தது என்ற எண்ணம் அந்தக் காலத்தது. இன்றைய கார்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் அந்தப் பெயர் பொருந்தும் என்பது என் கருத்து.

ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஓடோமீட்டர் சக்கரம் சுற்றியதைத்தான் எண்ணுகிறது, என்ஜின் சுற்றியதை எண்ணுவதில்லை. சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடி இரண்டு லட்சத்தை எட்டிய காரின் என்ஜின் ஏறத்தாழ 3,300 மணி நேரம் இயங்கியிருக்கும். நெரிசலில் சராசரியாக 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி அதே எண்ணை எட்டிய காரின் என்ஜின் 10,000 மணி நேரம் இயங்கியிருக்கும். கிளட்சும் பிரேக்கும் பட்ட பாட்டில் உள்ள வித்தியாசம் இதைவிடப் பெரியது. மீட்டரில் எண் ஒன்றாக இருந்தாலும் இவை வெவ்வேறு வயதுடைய வண்டிகள்.

ஒரு காரின் ஆயுள் இவ்வளவுதான் என்று எல்லை இருக்கிறதா?

என்ஜினுக்கு என்று நிலையான எல்லை கிடையாது. அமெரிக்காவில் அறிவியல் ஆசிரியராக இருந்த இர்வ் கார்டன் 1966-இல் வாங்கிய வோல்வோ பி1800எஸ் காரில் 2013-இல் 30 லட்சம் மைல், அதாவது 48 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி முடித்தார். இடையில் என்ஜினைப் பிரித்து வேலை பார்த்திருக்கிறார்கள் என்றாலும், அவர் சிறப்பாக எதுவும் செய்யவில்லை. கையேட்டில் சொன்ன காலத்தில் சொன்ன வேலையைத் தவறாமல் செய்தார்.

நல்ல ஆயில் உள்ள என்ஜினில் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க்ஷாஃப்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஆயில் படலம் ஒன்று தாங்கி நிற்கிறது. அந்தப் படலம் இல்லாத நேரங்களில்தான் பெரும் தேய்மானம் நிகழ்கிறது: குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகள், ஆயில் குறைந்த நிலையில் ஓட்டுவது, கெட்டுப்போன ஆயிலோடு ஓட்டுவது. நாளுக்குப் பத்து முறை ஸ்டார்ட் செய்து இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார், நாளுக்கு ஒரு முறை ஸ்டார்ட் செய்து நூறு கிலோமீட்டர் ஓடும் காரைவிட விரைவில் தேய்வது இதனால்தான்.

மீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓடோமீட்டரை மாற்றுவது எளிது. காரின் மற்ற எல்லா இடங்களையும் அதற்கேற்ப மாற்றுவது கடினம். பிரேக் பெடலின் ரப்பரில் வலது ஓரம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா, ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம் பளபளக்கிறதா, ஓட்டுநர் இருக்கையில் ஏறி இறங்கும் பக்கத்து ஓரம் அமுங்கி நைந்திருக்கிறதா என்று பாருங்கள். 60,000 கிலோமீட்டர் காட்டும் காரில் இவை மூன்றும் சேர்ந்து இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் ஏன் என்று கேட்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. காரின் வயது பத்து, மீட்டர் 30,000 காட்டுகிறது, ஆனால் நான்கு டயர்களும் கார் வந்து ஐந்து ஆண்டுக்குப் பின் செய்யப்பட்டவை என்றால், முதல் டயர்கள் எங்கே போயின என்பதற்கு விற்பவரிடம் பதில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட உறுதியான சான்று, தேதியும் கிலோமீட்டரும் எழுதப்பட்ட பழைய சர்வீஸ் பில்கள்.

ஆயில் குடிக்கிறது என்கிறார்கள். என்ஜின் போய்விட்டதா?

இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வருகிறது. ஆயில் குறைவது மட்டுமே என்ஜின் போய்விட்டதற்கு அடையாளம் ஆகாது. புதிய என்ஜினிலேயே ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறைவது இயல்பு என்று கையேட்டில் குறிப்பிடும் நிறுவனங்கள் உண்டு. கேட்க வேண்டியது எவ்வளவு குறைகிறது, அந்த அளவு கூடிக்கொண்டே போகிறதா என்பதே. என் காரில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குறைந்தது. மூன்று லட்சத்திலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அப்படி ஒரே நிலையில் நிற்கும் என்ஜினைத் தொட வேண்டியதில்லை, ஊற்றிக்கொண்டு போகலாம்.

அளக்கும் முறையில் கவனம் தேவை. காரைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கை உருவி துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே செலுத்தி மீண்டும் உருவிப் பார்க்க வேண்டும். துடைக்காமல் பார்க்கும் முதல் பார்வை பொய் சொல்லும். பல கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு லிட்டர். துணியில் படிந்த ஆயிலை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள்; கறுப்பாக இருப்பது குற்றமில்லை, டீசல் என்ஜினில் மாற்றிய சில நாளிலேயே கறுக்கும். நறநறவென்று மணல்போல் தட்டுப்பட்டாலோ, உலோகப் பொடி மின்னினாலோ அதுதான் கெட்ட செய்தி.

குறையும் அளவு திடீரென்று கூடினால், பெரிய வேலைக்குச் சம்மதிப்பதற்கு முன் வால்வு கவர் கேஸ்கெட்டில் (என்ஜினின் மேல்மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் பட்டை) கசிவு இருக்கிறதா, என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடைத்துக்கொண்ட பிசிவி வால்வு என்ஜினுக்குள் அழுத்தத்தைக் கூட்டி ஆயிலை வெளியே தள்ளும். அது சிறிய, மாற்றுவதற்கு எளிய பாகம்.

பழைய என்ஜினுக்குக் கெட்டியான ஆயில் ஊற்றினால் நல்லதுதானே?

கையேடு 5டபிள்யூ-30, சூட்டில் அதைவிடக் கெட்டியாக இருக்கும் 5டபிள்யூ-40 என இரண்டு ஆயில் வகைகளையும் அனுமதித்தால், ஆயில் குறையும் பழைய என்ஜினுக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதில் பொருள் உண்டு. அனுமதிக்காத கெட்டி ஆயிலை ஊற்றினால், குளிர்ந்த நிலையில் அது மேலே ஏறத் தாமதமாகும். தேய்மானம் நடப்பதே அந்த நொடிகளில்தான் என்பதை மேலே பார்த்தோம். சத்தத்தை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றி விற்கப்படும் கார்களும் உண்டு. ஆகவே வாங்கும் முன் என்ஜின் முழுவதும் ஆறிய நிலையில், உங்கள் கண் முன்னே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். போய்ச் சேரும்போதே என்ஜின் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

சைலன்சரில் புகை வருகிறது. எந்த நிறம் எதைக் குறிக்கிறது?

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ. கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது. ஏர் ஃபில்டரிலிருந்து சோதனையைத் தொடங்கலாம். குளிர்ந்த காலையில் வந்து மறையும் வெண்மை வெறும் நீராவி. என்ஜின் சூடான பிறகும் அடர்த்தியான வெண்புகை இனிப்பு வாடையோடு வந்தால், சிலிண்டருக்குள் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், போகிறது என்று பொருள். அந்தக் காரை அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

என்ஜினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து "போர்" செய்ய வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். நம்பலாமா?

சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனை, அளந்து காட்டச் சொல்லுங்கள். எண் இல்லாமல் என்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்க வேண்டாம். நான்கு சிலிண்டர்களும் 11 பார் (அழுத்தத்தின் அலகு) காட்டும் பழைய பெட்ரோல் என்ஜின், மூன்று 12-உம் ஒன்று 8-உம் காட்டும் என்ஜினைவிட நல்ல நிலையில் இருக்கிறது, ஏனென்றால் சிலிண்டர்களுக்கிடையிலான வித்தியாசமே கோளாறைக் காட்டுகிறது. குறைவாகக் காட்டிய சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் குறை வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கிறது. வால்வு வேலைக்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், முழு என்ஜினையும் இறக்க வேண்டியதில்லை.

ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் போதாதா?

வழியில் வேறு எதுவும் கிடைக்காத நிலையில் ஊற்றலாம். அப்படியே விட்டுவிடக் கூடாது. கூலன்டின் வேலை உறைவதையும் கொதிப்பதையும் தடுப்பதோடு முடிவதில்லை. அதில் உள்ள அரிப்புத் தடுப்பான்கள் அலுமினிய ஹெட்டையும் வாட்டர் பம்பையும் காக்கின்றன. அவை காலப்போக்கில் தீர்ந்துபோவதால், நிறம் நன்றாக இருந்தாலும் குறித்த ஆண்டில் கூலன்டை மாற்ற வேண்டும். வகை வேறான கூலன்டுகளை நிறத்தைப் பார்த்துக் கலக்கக் கூடாது. நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். கூலன்டை ஒழுங்காக மாற்றிவந்த நான், பதினொரு ஆண்டுப் பழைய மேல் ஹோசை அப்படியே விட்டிருந்தேன். கிளாம்புக்குப் பக்கத்தில் அழுத்தினால் மற்ற இடங்களைவிட மெத்தென்று அமுங்கியது, பார்த்தும் தள்ளிப்போட்டேன். ஒரு பிற்பகலில் அது கிழிந்து, முன்பக்கமெங்கும் ஆவி எழுந்தது. வெப்பமானியின் முள் உச்சிக்குப் போய்ப் பிறகு தானே கீழே இறங்கியதால் சரியாகிவிட்டது என்று எண்ணி இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். கூலன்ட் வடிந்துவிட்டால் சென்சாரைச் சுற்றி நீரே இருக்காது, அதனால் முள் இறங்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஹெட் வளைந்து, கேஸ்கெட் போனது. முள் ஏறினால் நிழலைத் தேடாதீர்கள்; ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், ஏனென்றால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்.

டைமிங் பெல்ட் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் மாற்ற வேண்டும்?

பிஸ்டனையும் வால்வுகளையும் ஒன்றுக்கொன்று இசைவாக இயங்க வைப்பது இந்த பெல்ட். அதன் உட்புற இழைகள் அறுந்துகொண்டிருக்கும்போதும் வெளிப்புற ரப்பர் நன்றாகவே தெரியும். பல என்ஜின்களில் பிஸ்டன் மேலே வரும் இடத்துக்குத்தான் வால்வும் திறந்து கீழே வருகிறது; பெல்ட் அறுந்த நொடியில் இரண்டும் மோதி வால்வுகள் வளையும். கையேட்டில் கிலோமீட்டரும் ஆண்டும் இரண்டும் இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. வாங்கிய பழைய காரில் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பில் இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். வாட்டர் பம்பை அதே பெல்ட் ஓட்டினால் அதையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள், ஏனென்றால் பிறகு பம்ப் கசிந்தால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும்.

பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் உள்ள என்ஜினுக்கு இந்தக் கவலை குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஆயிலைக் காலம் தாழ்த்தி மாற்றும் காரில் செயின் நீளும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம் கேட்டு அடங்கினால் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயிலை மாற்றினால் கெட்டுவிடும் என்கிறார்களே?

ஆயில் மாற்றியதால் கியர்பாக்ஸ் போனது என்று சொல்லப்படும் பல நேர்வுகளில், ஏற்கெனவே கியர் நழுவத் தொடங்கிய பிறகுதான் ஆயில் மாற்றப்பட்டிருக்கும். நன்றாக வேலை செய்யும் கியர்பாக்ஸில், நிறுவனம் குறிப்பிட்ட அதே வகை ஆயிலைக் கீழே வடித்து மேலே நிரப்புவதில் எனக்குத் தயக்கமில்லை. இயந்திரத்தால் அழுத்தம் கொடுத்துக் கழுவுவதைத்தான் தவிர்ப்பேன், ஏனென்றால் அது படிந்திருக்கும் கசடைக் கிளப்பி நுண்ணிய வால்வுகளில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ஒரே முறையில் வடியும் ஆயில் மொத்தத்தில் ஒரு பகுதிதான். சில ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை இதைச் செய்யலாம்.

வண்டி ஓடுகிறது, ஆனால் எங்கோ கடகடக்கிறது. அவசரமா?

சத்தம் எப்போது வருகிறது என்று குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். சிறு பள்ளங்களில் மட்டும் தட்டினால் சஸ்பென்ஷனில் உள்ள ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது ரப்பர் புஷ். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி ஓட்டும்போது டக்டக்கென்றால், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் சிவி ஜாயின்ட். வேகத்தோடு கூடும் ஊளைச் சத்தம் வளைவில் மாறினால் சக்கர பேரிங். புஷ் சில வாரங்கள் காத்திருக்கலாம். சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்டும் பேரிங்கும் காத்திருக்கக் கூடாது, பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும்.

பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. பிரேக் ஆயிலையும் மாற்ற வேண்டுமா?

வேண்டும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீத நீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்குகிறது. நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆயில் கொதித்தால் பெடல் தரை வரை போகும். நகருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது.

என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேன் செய்தவர் ஒரு பிழைக் குறியீடு சொன்னார், அந்தப் பாகத்தை மாற்றிவிடலாமா?

குறியீடு காட்டுவது அறிகுறியை, பாகத்தை அல்ல. பி0171 என்றால் எரிபொருளுக்கு மேல் காற்று அதிகம் என்றுதான் பொருள், காரணம் விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாயாக இருக்கலாம். பி0420 புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் குறிப்பிடும், ஆனால் சைலன்சர் குழாயில் கசிவோ தேய்ந்த ஆக்சிஜன் சென்சாரோ அதே குறியீட்டைக் கிளப்பும். விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். மினுக்கினால் என்ஜின் மிஸ் அடிக்கிறது, அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை; எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அதை எரித்துவிடும். வேகத்தைக் குறைத்து விரைவில் நிறுத்த வேண்டும்.

வாங்குபவர்களுக்கு ஒன்று: விற்பதற்குச் சற்று முன் குறியீட்டை அழித்தால் விளக்கு அணைந்திருக்கும். ஆனால் அழித்த பின் காரின் கணினி செய்யும் சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்பதை ஸ்கேனர் காட்டும். அப்படிக் காட்டினால் காரணம் கேளுங்கள்.

பத்து ஆண்டில் 40,000 ஓடிய காரா, ஐந்து ஆண்டில் இரண்டு லட்சம் ஓடிய காரா?

பலர் முதலாவதையே விரும்புவார்கள். சர்வீஸ் பில்கள் இருந்தால் நான் இரண்டாவதைத் தீவிரமாக யோசிப்பேன். ரப்பரும் கூலன்டும் பிரேக் ஆயிலும் பேட்டரியும் நின்றாலும் வயதாகின்றன. அரிதாக ஓடும் கார் குறுகிய தூரம்தான் ஓடியிருக்கும் என்பதால், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகும் அளவுக்கு என்ஜின் சூடாகியிருக்காது. முதலாவதை வாங்கினால், டயர், ஹோஸ், பெல்ட், எல்லாத் திரவங்கள் ஆகியவற்றுக்கான செலவை விலையோடு கூட்டிப் பாருங்கள்.

எப்போது கைவிட வேண்டும்? விற்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

என்ஜின், கியர்பாக்ஸ் இரண்டையும் மாற்ற முடியும். துருப்பிடித்த உடற்சட்டத்தை அப்படி மாற்ற முடியாது. ஜாக்கி வைக்கும் இடங்களையும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். நுனி உள்ளே இறங்கினால், என்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும், மோதலில் அந்தக் கார் உங்களைக் காக்காது. அங்கே நான் நிறுத்திக்கொள்வேன். மற்ற எல்லா நிலைகளிலும், கடந்த இரண்டு ஆண்டு செலவை நோட்டில் கூட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம்; ஒரு பெரிய பில் வந்த வாரத்தில் மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

விற்கும்போது நோட்டையும் பில்களையும் சாவியோடு கொடுத்துவிடுங்கள். என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னும் செய்யாத வேலைகளை எழுதி வைத்திருக்கிறேன்: பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டு, இடப்பக்க என்ஜின் மவுன்ட், ஸ்டீயரிங் பம்பில் மெல்லிய கசிவு. புதிதாக வாங்குபவர் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அது, அதைக் கிழிக்காமல் கொடுக்க வேண்டும்.